விண்டாலுவில் உருளைக்கிழங்கு: பிரிட்டன் கறி ஹவுஸ்களில் கண்டதைப் பகிருங்கள்

கல்சட்டி:
பர்மிங்ஹாம் பக்கம் ஒரு கறி ஹவுஸ் (இந்தியக் குழம்புகள் விற்கும் உணவகம்), பெயர் வேண்டாம். கேட்டது விண்டாலு, கோவாவில் பன்றிக்கறியில் வைக்கும் குழம்பு; இங்கே ஆட்டிறைச்சியில். வந்த கிண்ணத்தின் நடுவே முட்டையளவு உருளைக்கிழங்கு இரண்டு. கரண்டியால் பிளந்தால் வெளியே செக்கச்செவேல், உள்ளே வெள்ளை வெளேர். உப்புகூட இறங்கவில்லை. அந்த வெள்ளைதான் இன்னும் உறுத்துகிறது.

பன்றி இல்லாததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கறி ஹவுஸ்களில் ஏராளமானவை வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து போன முஸ்லிம் குடும்பங்கள் நடத்துபவை. ஆனால் வினிகர் எங்கே? பூண்டு எங்கே? நாக்கில் நின்றது மிளகாய்த்தூள் மட்டும். மெட்ராஸ் என்ற குழம்புக்கு மேலே, ஃபால் என்ற குழம்புக்குக் கீழே என்று விண்டாலு அங்கே ஒரு காரப் படியாகிவிட்டது. கோவாவில் அது புளிப்பும் பூண்டும் சேர்ந்த ஒரு பதம். வேறு எங்காவது ஒழுங்காக வந்ததா?

வெந்தயக்கீரை:
மான்செஸ்டரில் ஒரு மெனு அட்டையில் விண்டாலுவுக்கு விளக்கமே "மிகக் காரமான குழம்பு, உருளைக்கிழங்குடன்" என்று இருந்தது. பூண்டு என்ற சொல்லே இல்லை. அதுதான் வேதனை, ஏனென்றால் பெயரில் இருப்பதே பூண்டு. போர்த்துக்கீசியரின் "விஞ்ஞா தால்யோஸ்" என்றால் ஒயினிலும் பூண்டிலும் ஊறவைத்தது. அவர்கள் கோவாவில் இருந்தது 1510 முதல் 1961 வரை. ஒயினின் இடத்தைத் தென்னங்கள் வினிகர் பிடித்தது, அவர்களே கொண்டுவந்த மிளகாயும் சேர்ந்தது. கடைசி அசை இந்திக் காதுக்கு "ஆலு" என்று கேட்கிறது. கிழங்கு வந்த வழி அதுதான்.

அளவு கேட்பவர்களுக்கு: கொழுப்போடு பன்றித் தோள்கறி 1 கிலோ, ஒன்றரை அங்குலத் துண்டு. காஷ்மீரி மிளகாய் 12 (விதை நீக்கி), பூண்டு 15 பல், இஞ்சி ஒரு அங்குலம், சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, கிராம்பு 6, பட்டை ஒரு அங்குலம், மஞ்சள் அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றையும் 100 மி.லி. வினிகரிலேயே ஊறவைத்து அரைக்க வேண்டும். அரைக்கும்போது தண்ணீர் விடக் கூடாது. விட்டால் விழுது நீர்த்துக் கறியில் ஒட்டாது. உப்புப் போட்டுப் பிசறி ஒரு இரவு. மறுநாள் வெங்காயம் 2 வதக்கி, கறியைப் போட்டு அதன் நீரிலேயே சிறுதீயில் ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் வெல்லம் ஒரு சிட்டிகை. தக்காளி வேண்டாம், தேங்காய்ப்பால் வேண்டவே வேண்டாம். இறக்கிய அன்றைக்கு விட அடுத்த நாள்தான் ருசி.

அடுப்படி:
கல்சட்டி சொல்வது பாதிதான் நியாயம். சமையல்காரருக்கு விண்டாலு தெரியாது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமையலறை இயங்கும் விதமே வேறு.

லீட்ஸில் திறந்த அடுப்பு வைத்த ஒரு கடையில் பார்த்தது: ஆர்டர் சீட்டு வந்ததிலிருந்து கிண்ணத்தில் ஊற்றும் வரை ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் ஆட்டிறைச்சி வேகாது. எல்லாம் காலையிலேயே முடிந்துவிடுகிறது. கறி முன்பே வெந்து டப்பாவில், உருளைக்கிழங்கு மஞ்சள் தண்ணீரில் வெந்து இன்னொரு டப்பாவில், பெரிய அண்டாவில் பேஸ் கிரேவி, அதாவது எல்லாக் குழம்புக்கும் பொதுவான அடிக் குழம்பு. உங்கள் கிழங்கு உள்ளே வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் இதுதான்: அது குழம்போடு இருந்ததே இரண்டு நிமிடம்.

பேஸ் கிரேவி ஏறக்குறைய இப்படி. வெங்காயம் 2 கிலோ, காரட் ஒன்று, குடைமிளகாய் பாதி, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது 100 கிராம், எண்ணெய் 200 மி.லி., மஞ்சள், மல்லி, சீரகத்தூள் ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டி. மூழ்கத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வேகவைத்து, நைசாக அரைத்து, மறுபடி அரைமணி கொதிக்கவிட வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து வந்தால்தான் பதம். பச்சை வெங்காய வாடை போகாமல் இறக்கினால் அன்று இரவு போகும் எல்லாக் குழம்பிலும் அந்த வாடை இருக்கும்.

ஒரு ஆளுக்கு: எண்ணெயில் பூண்டு விழுது, மிக்ஸ் பவுடர் (கலப்பு மசாலாப் பொடி), ஒன்றரைத் தேக்கரண்டி காரமான மிளகாய்த்தூள், தக்காளி ப்யூரே. பிறகு சூடான கிரேவி 300 மி.லி., மூன்று தடவையாக. ஒவ்வொரு தடவையும் பெருந்தீயில், ஓரம் பிடித்துக் கருகும் முன் சுரண்ட வேண்டும். அந்த ஓரத்தில்தான் ருசி இருக்கிறது. மொத்தமாக ஊற்றினால் வெந்நீர்க் குழம்பு.

வினிகர் ஏன் இல்லை என்றால், பல கடைகளில் அலுமினியத் தவா. புளிப்பு அதில் கொதித்தால் உலோக ருசி ஏறும். அதனால் இறக்கும்போது கொஞ்சம் எலுமிச்சையோ வினிகரோ தெளிப்பதோடு சரி. ஒரே கிரேவியில் முப்பது பெயர் எடுக்கும் திறமையைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. அது கோவாச் சமையல் இல்லை. பிரிட்டனில் பிறந்த தனிச் சமையல். அப்படித்தான் அதைப் பார்க்க வேண்டும்.

கல்சட்டி:
@அடுப்படி, திறமையை மறுக்கவில்லை. தனிச் சமையல் என்றால் தனிப் பெயர் வைக்கலாமே. பர்மிங்ஹாமில் பால்ட்டி என்ற குழம்புக்கு அப்படி வைத்தார்கள், யாரும் சண்டைக்கு வரவில்லை.

செத்தல்மிளகாய்:
லண்டன் கிழக்குப் பக்கம் ஒரு கடையிலை வினாகிரி போட்டுத்தான் இருந்தினம். ஆனால் கடைசியா ஊத்தினது. கிண்ணம் மேசைக்கு வரேக்கையே மூக்கிலை அடிச்சுது, மீனும் சிப்ஸும் விக்கிற கடை மணம். மோல்ட் வினாகிரி! இறைச்சியைக் கடிச்சால் உள்ளை புளிப்பில்லை, வெளியிலை மட்டும் தொண்டையை அரிக்குது.

இதிலை ரெண்டு பிழை. ஒண்டு, மோல்ட் வினாகிரி பார்லியிலை செய்யிறது, அதின்ரை மணம் கராம்பையும் கருவாவையும் அமத்திப்போடும். மற்றது, நேரம். வினாகிரி முதலே இறைச்சியோடை ஊறி, பிறகு ஒரு மணித்தியாலம் சின்ன நெருப்பிலை அவியேக்கை அந்தக் கூர்மை ஆவியாப் போயிடும், புளிப்பு மட்டும் தங்கும். கடைசியா ஊத்தினால் கூர்மை முழுக்க அப்பிடியே நிக்கும்.

என்ன வினாகிரி வேண்டுறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். எங்கடை ஆக்களின்ரை கடையளிலை இலங்கைத் தென்னை வினாகிரி போத்தலிலை இருக்கு. கோவாக்காரர் பாவிக்கிறதுக்கு மிச்சம் கிட்ட அதுதான், ரெண்டும் தென்னங்கள்ளிலையிருந்து வாறது. போத்தலின்ரை பின்பக்கம் வாசியுங்கோ: "செயற்கை வினாகிரி" எண்டோ "அசற்றிக் அமிலம், தண்ணி" எண்டோ இருந்தால் திருப்பி வையுங்கோ. அடியிலை கொஞ்சம் மண்டி இருந்தால் பழுதில்லை. தென்னை கிடைக்காட்டில் அப்பிள் சைடர் வினாகிரி, அதே அளவு. அதுவும் கிடைக்காட்டில் வெள்ளை வினாகிரி 70 மி.லி., தண்ணி 30 மி.லி., ஒரு தேக்கரண்டி சீனி. பல்சமிக் வினாகிரி வேண்டாம், இனிச்சுப் போகும்.

கோழியிலை செய்யிறவைக்கு: இரவு முழுக்க ஊறவிடாதேங்கோ. 3 மணித்தியாலம் காணும். கூட விட்டால் நெஞ்சுத் துண்டு சுண்ணாம்பு மாதிரி மாவாகும். தொடைத் துண்டு திறம். பண்டியிலை இருக்கிற கொழுப்புத்தான் புளிப்பைத் தாங்குறது. கோழியிலை அது இல்லாதபடியால் வினாகிரியை 60 மி.லி. ஆக்குங்கோ. ஆட்டிறைச்சி எண்டால் கொழுப்போடை தோள் பகுதி, வினாகிரி குறைக்கத் தேவையில்லை. மண்சட்டி இல்லாட்டில் எவர்சில்வர்.

சீரகசம்பா:
விண்டாலு மட்டுமில்லை. லெஸ்டரில் தான்சாக் (பார்சிகளின் பருப்புக் கறி) கேட்டால் அன்னாசித் துண்டு மிதந்து வந்தது. டப்பா அன்னாசி, வளையத்தை நாலாக வெட்டியது. பார்சி வீட்டுத் தான்சாக்கில் இனிப்புக்குப் பரங்கிக்காய் போதும். துவரம் பருப்பும் மைசூர்ப் பருப்பும் கத்தரிக்காயும் வெந்தயக்கீரையும் ஆட்டுக்கறியோடு குழைய வெந்து, கடைந்து, சர்க்கரையைக் கருக்கிப் பழுப்பாக்கிய சோற்றோடு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அது. துக்க வீட்டில் நாலாம் நாள் செய்வதும் உண்டு, அதனால் கல்யாணத்தில் போட மாட்டார்கள். அங்கே மெனுவில் அதற்கு "இனிப்பு, புளிப்பு, மிதமான காரம்" என்று நாலே சொல். பருப்பு ஒரு கரண்டி, தனியாக வேகவைத்துக் கிரேவியில் கலந்தது. கறிக்குள் பருப்பு ஏறவே இல்லை.

வெந்தயக்கீரை:
விண்டாலுவை எதோடு சாப்பிடுவது என்று யாரும் எழுதவில்லை. நான் ரொட்டி வேண்டாம். கோவாவில் பாவ் ரொட்டி அல்லது சன்னா. சன்னா என்றால் கள் விட்டுப் புளிக்கவைத்த அரிசி மாவை ஆவியில் வேகவைப்பது. நம் இட்லிக்கு நெருங்கிய உறவு. அங்கே கடையில் விண்டாலுவைப் பொதி கட்டி வாங்கி, வீட்டு இட்லியோடு வைத்துப் பாருங்கள், நானை விட நன்றாகப் பொருந்தும். வெண்ணெய் தடவிய நான் அந்தப் புளிப்பை மழுங்க அடித்துவிடும்.

அடுப்படி:
@கல்சட்டி, கிழங்கைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. வீட்டில் உண்மையான விண்டாலுவில் பச்சைக் கிழங்கைப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும். புளிப்பில் கிழங்கின் நார்ச்சத்து இளகாது. புளிக்குழம்பில் புளி விடும் முன் கிழங்கை வேகவைப்பதும் இதனால்தான். ஆகவே கிழங்கு வேண்டும் என்கிறவர்கள் முக்கால் பதம் உப்புத் தண்ணீரில் வேகவைத்து, முள்கரண்டியால் நாலு பக்கம் குத்தி, கடைசி 20 நிமிடம் குழம்பில் போடட்டும். உள்ளே வெள்ளையாக நிற்காது.

கல்சட்டி:
குத்தி வைக்க வேண்டும் என்பது சரி. ஆனால் 20 நிமிடம் சிறுதீயில் அடுப்பை ஒதுக்க அந்தக் கடைகளால் முடியாது. காலையில் கிழங்கு வேகும் தண்ணீரிலேயே மஞ்சளோடு உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் சேர்த்து, வெந்த பிறகும் அதே தண்ணீரில் மாலை வரை விட்டால்? உப்பாவது நடுவரை இறங்குமே.

அடுப்படி:
இறங்கும். ஆனால் ஆறின பிறகு வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெந்த கிழங்கு சூட்டில் அரை நாளில் கெட்டுவிடும். பரிமாறும் முன் தண்ணீரை நன்றாக வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிரேவி நீர்த்துப்போகும்.