குல்மார்க் கேபிள் கார்: அம்மாவை உச்சிவரை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (வெள்ளவத்தை)

வருகிற பெப்ரவரியில் கொழும்பிலிருந்து டெல்லி வழியாகக் காஷ்மீர் செல்லவிருக்கிறோம். தம்பிக்குப் பனிச்சறுக்குப் பழக வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்கோ பனியைக் கண்ணால் பார்த்தாலே போதும். குல்மார்க்கில் இரு சாராருக்கும் ஒரே கேபிள் கார்தான் என்று அறிந்தோம். உயர் இரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் உள்ள அம்மாவை இரண்டாம் கட்டம்வரை அழைத்துச் செல்லலாமா? தம்பியும் அங்கே போய்த்தான் பழக வேண்டுமா?

மறுமொழி 1 (தெஹிவளை)

முதலில் உயரத்தைக் கவனியுங்கள், சகோதரி. நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். குல்மார்க்கில் கேபிள் கார் புறப்படும் இடமே அதைவிட உயரமானது. 1998 இல் திறக்கப்பட்ட முதற்கட்டம், 3,000 மீற்றரைத் தாண்டிய கொங்டூரியில் முடிகிறது. 2005 இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் கட்டமோ அபர்வத் மலையில் 3,900 மீற்றருக்கு மேல் கொண்டுபோய் இறக்குகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதமே என்பதால், கொழும்பில் வாழ்ந்து பழகிய எவருக்கும் சிறிது நடந்தாலே மூச்சு வாங்கும். அம்மா கொங்டூரியோடு நின்றுகொள்வதே நல்லது. அதற்கும் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். முழங்காலைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஆறு பேர் அமரும் பெட்டிகள் நிலையத்துக்குள் நுழைந்ததும் ஓடும் கம்பியின் பிடியிலிருந்து விடுபட்டு மெல்ல ஊர்ந்து வருவதால், ஒருவர் கைகொடுத்தால் ஏறிவிடலாம்.

மறுமொழி 2 (கொட்டாஞ்சேனை)

தம்பியையும் மேலே அனுப்பாதீர்கள். அபர்வத்தின் சரிவுகளில் பெரும்பகுதி இயந்திரத்தால் சமன்செய்யப்படாத தூள்பனி. தேர்ந்த சறுக்குவீரர்கள் உலகெங்குமிருந்து அங்கு வருவதே அதற்காகத்தான். பனிச்சரிவு அபாயம் இருப்பதால் அவர்களே வழிகாட்டியோடுதான் இறங்குகிறார்கள். புதிதாகப் பழகுவோருக்குக் கீழே குல்மார்க்கிலேயே மென்சரிவுகளும் பயிற்றுநர்களும் உண்டு, சறுக்குப்பலகைகளும் வாடகைக்குக் கிடைக்கும். சரியாக நிறுத்தத் தெரியாதவருக்கு உச்சியில் என்ன வேலை?

மறுமொழி 3 (பம்பலப்பிட்டி)

நண்பர்கள் சற்று மிகையாகவே அச்சமூட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். உடல்நலம் உள்ளவர்கள் சறுக்கத் தெரியாவிட்டாலும் மேலே போய் வரலாம். வானம் தெளிந்திருந்தால் நங்க பர்வதம் தெரியும். அம்மாவைப் பொறுத்தவரை மட்டும் முதலாமவர் சொன்னதே சரி. இரண்டு கட்டங்களுக்கும் பயணச்சீட்டு தனித்தனி என்பதால், அவருக்கு முதற்கட்டத்துக்கு மட்டும் இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பலத்த காற்று வீசினாலோ புதுப்பனி மிகுதியாக விழுந்தாலோ இரண்டாம் கட்டத்தை மூடிவிடுவார்கள். ஆகவே குல்மார்க்கில் ஓரிரவாவது தங்கும்படி திட்டமிடுங்கள்.