ஸ்பெயினிலிருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண்மணியின் அக்கா, வயது 74, அலிகான்டேயில் 19 வருடம் இருந்தவர். கணவர் இறந்ததும் போன மாதம் ஊர் திரும்பிவிட்டார். மாடிப்படி ஏற முடியாமல் தங்கை வீட்டு சோபாவில்தான் தூங்குகிறார்.

பிஸ்கட் டின் நிறைய ஸ்பானிஷ் காகிதம் வைத்திருக்கிறார்; இங்குள்ள முகவரிக்கு அவர் பெயரில் ஒரு கடிதம்கூட இல்லை. வங்கியில் முகவரிச் சான்று கேட்கிறார்கள். வீட்டு ஏஜென்ட் வங்கிக் கணக்கும் கிரெடிட் ஹிஸ்டரியும் (கடன் வாங்கிக் கட்டிய பதிவு) கேட்கிறார். ஜிபியிலும் (உள்ளூர் டாக்டர் கிளினிக்) முதலில் திருப்பி அனுப்பினார்கள். முகவரிச் சான்று இல்லை என்று பதிவை மறுக்கக் கூடாது என்ற என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) விதியை நானே கூடப் போய்க் காட்டிய பிறகுதான் பதிந்தார்கள்.

பென்ஷன் கிரெடிட்டை (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் போதாதாம். இனி இங்கேயேதான் வாழப்போகிறார் என்று காட்ட வேண்டும். ஹாபிச்சுவல் ரெசிடென்ஸ் டெஸ்ட் என்கிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என்னென்ன காகிதம் கொடுத்தீர்கள்? அங்கே வாடகை வீட்டை ஒப்படைத்த கடிதம், சாமான் ஏற்றி வந்த லாரி ரசீது இரண்டும் கையில் இருக்கின்றன.

நியூஹாம், இல்ஃபோர்ட் பக்கம் கீழ்த்தளத்தில் ஒரு அறை இருந்தாலும் தெரியப்படுத்துங்கள். பார்க்க நானே அழைத்து வருகிறேன்.