கூந்தன்குளம் பக்கம் பறவைப் படம் எடுத்த சில அனுபவங்கள்

திருநெல்வேலி மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கிற ஊரான கூந்தன்குளத்தில் தை, மாசி மாதங்களில் காலையில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அப்போது வெயிலும் கிழக்கே இருந்து வரும், வாடைக்காற்றும் வடகிழக்கே இருந்து வரும். குளத்தின் கிழக்குப் பக்கமாக நின்று மேற்கே பார்த்தால் இரண்டும் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எதிர்க்காற்று சிறகைத் தூக்கிக் கொடுப்பதால் கொஞ்ச ஓட்டத்திலேயே மேலே ஏறிவிட முடியும். கூழைக்கடா மாதிரி கனத்த உடம்புக்காரருக்கு அது இல்லாமல் ஆகாது. ஆக, எழும்புகிற பறவை நம்மை நோக்கி வரும். முகத்திலும் நெஞ்சிலும் வெயில் விழும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது இதே கணக்கை மாலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கிற புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பறவை அடுத்து என்ன செய்யப் போகிறது என்று தெரிந்துவிட்டால் சாதாரண லென்ஸே போதும். தெரியாவிட்டால் எத்தனை லட்சம் போட்டு வாங்கினாலும் பறந்து போன பறவையின் வால்தான் கிடைக்கும். அதைவிட முக்கியம், கேமராவை இறக்கி வைத்துவிட்டு எப்போது நகர வேண்டும் என்பதையும் அதே அறிவுதான் நமக்குச் சொல்கிறது. இந்த இரண்டையும் நானும் என்னோடு வருகிற நண்பர்களும் எங்கெங்கே கற்றுக்கொண்டோம் என்று எழுதலாம் என்று தோன்றியது.

எழும்பப் போகிற பறவை முன்கூட்டியே அடையாளம் காட்டும். எச்சமிடும். கழுத்தை நீட்டி ஒருமுறை சுற்றிப் பார்க்கும். காலை லேசாக மடக்கி உடம்பை முன்னே சாய்க்கும். நாரைகளிடம் இது நன்றாகவே தெரியும். எச்சம் விழுந்ததும் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும். பறக்கிற படத்துக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறேன். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா ஒளியை உணர்கிற அளவு, ஏறினால் ஏறட்டும். படத்தில் விழுகிற புள்ளிகளைப் பிறகு கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம், அசைந்து போன கண்ணை எந்த மென்பொருளும் சரிசெய்து தராது.

கூந்தன்குளம் வெளியூர்க்காரர்களை அசர வைப்பது அங்கே வருகிற பறவைகளின் எண்ணிக்கையால் மட்டும் இல்லை. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லையில் நிற்கிற வேம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டும். கீழே எருமை கட்டியிருக்கும், பிள்ளைகள் விளையாடும், மேலே குஞ்சுகள் இரைக்குக் கத்தும். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி போடுவதில்லை. எச்சம் கரைந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம். காற்றில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வந்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி அண்ணாச்சியை அங்கே போய்வந்த எல்லாருக்கும் தெரியும். அவர் இப்போது இல்லை. அவர் பெயரைச் சொல்லாமல் கூந்தன்குளத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது.

ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், கூட்டை நேராகப் பார்த்து எடுக்கலாம் என்று ஒரு வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஏறக் கேட்டார். அந்த வீட்டு ஆச்சி விடவில்லை.

“மேல ஏறுனா தாய் எந்திச்சுப் போயிரும் ஐயா. குஞ்சு வெயில்ல கெடந்து வாடிரும். காக்கா வேற சுத்திக்கிட்டு கெடக்கு. கீழ நின்னு எடுங்க, இந்தா பாய் தாரேன்.”

புத்தகத்தில் படிக்க வேண்டியதை ஆச்சி இரண்டு வரியில் சொல்லிவிட்டார்கள். முட்டையோ சின்னக் குஞ்சோ இருக்கும்போது தாய் எழுந்து போனால் காகத்துக்கு அந்த ஒரு நிமிடம் போதும். இறகு முளைக்காத குஞ்சுக்கு பங்குனி வெயில் அதைவிடக் கொடுமை. அந்த மனிதரும் நல்லவர், பாயை விரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியதும் தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்துப் பிடித்தது. சிறகின் ரோஜா நிற இறகுகள் வழியாக ஒளி ஊடுருவி, வெள்ளைப் பஞ்சு போர்த்த குஞ்சுகளின் மேல் இளஞ்சிவப்பாக விழுந்தது. துணை நாரை குளத்திலிருந்து வந்து, அலகை மேலே பிடித்துக் குஞ்சுகளின் வாயிலும் முதுகிலும் தண்ணீரை ஒழுக விட்டது. கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்ததால்தான் அந்த நிறம் படத்தில் வந்தது. தட்டட்டியில் ஏறியிருந்தால் நாரையின் முதுகுதான் கிடைத்திருக்கும், அதுவும் பறந்து போகாமல் இருந்திருந்தால்.

வெள்ளைப் பறவைகளை எடுப்பதில் எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. கொக்கு சின்னதாகவும் பின்னால் இருண்ட தண்ணீர் பெரிதாகவும் இருந்தால், கேமரா இருட்டைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கும். கொக்கின் இறகு வரிகள் வெளுத்துப் போய்விடும். அப்போது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸில் முக்கால் அல்லது ஒன்று வைக்க வேண்டும். வானத்தை ஒட்டி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிற கறுப்பு நிறக் கரிச்சானுக்கு நேர் எதிர். பிளஸ் ஒன்று, சில சமயம் அதற்கும் மேலே. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைலில் எடுத்தால் பிறகு கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம், ஆனால் வெளுத்துப் போன வெள்ளை திரும்பி வராது.

தாமிரபரணி வாய்க்கால் கரை ஒன்றில் எங்களோடு வருகிற டீச்சர் கற்றுக் கொடுத்த பாடத்தை மறக்க முடியாது. சிறிய நீல மீன்கொத்தி ஒன்று எதிரே நாணல் தண்டில் மீனோடு வந்து உட்கார்ந்தது. அருமையான வெளிச்சம். நாங்கள் எல்லாரும் படபடவென்று எடுத்துக்கொண்டிருந்தோம். மீன்கொத்தி மீனை விழுங்கவும் இல்லை, பறந்து போகவும் இல்லை. தலையை ஆட்டி ஆட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் எந்திரிங்க, அந்தப் பக்கம் போயிருவோம்” என்றார்.

காரணத்தைப் பிறகுதான் சொன்னார். மீன்கொத்தி தான் தின்பதாக இருந்தால் மீனின் தலை தன் தொண்டைப் பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொள்ளும். தலை முதலில் போனால்தான் செதிலும் முள்ளும் தொண்டையில் சிக்காது. குஞ்சுக்கோ துணைக்கோ கொண்டு போகிற மீன் என்றால் அதன் தலை வெளியே பார்த்திருக்கும், வாங்குகிறவர் அப்படியே விழுங்கத் தோதாக. படத்தில் மீனின் தலை வெளியே இருந்தது. அப்படியானால் பொந்து பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது, நாங்கள் வழியில் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து வாய்க்காலைச் சுற்றி மறுகரைக்குப் போனோம். கொஞ்ச நேரத்தில் அது நாங்கள் உட்கார்ந்திருந்த கரைக்குக் கீழேயே, வேர்களுக்கு நடுவில் இருந்த பொந்துக்குள் நுழைந்தது. மீன்கொத்தி படத்தை இப்போது யார் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது மீனின் தலை எந்தப் பக்கம் என்றுதான்.

பறக்கிற படம் பழக விரும்புகிறவர்களுக்கு என் சிபாரிசு பச்சைப் பஞ்சுருட்டான். ஊருக்கு ஊர் இருக்கிறது, தேடிப் போக வேண்டாம். வேலிக்கம்பியிலோ காய்ந்த குச்சியிலோ உட்காரும், பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். தேனீயாக இருந்தால் விழுங்குவதற்கு முன் கொடுக்கு போகும்வரை குச்சியில் அடித்துத் தேய்க்கும். அதனால் பறவையைத் துரத்தி ஃபோகஸ் செய்யத் தேவையில்லை. குச்சியில் ஃபோகஸ் வைத்துவிட்டு, அது திரும்பி வருகிற பக்கத்தில் ஃபிரேமில் இடம் விட்டுக் காத்திருக்கலாம். சின்னப் பறவை, வேகம் அதிகம், 1/3200 வைத்தால் நல்லது. புதிய மிரர்லெஸ் கேமராக்கள் சிலவற்றில் ஷட்டரை முழுதாக அழுத்துவதற்குச் சற்று முந்தைய காட்சிகளையும் சேர்த்துப் பதிகிற வசதி இருக்கிறது. இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டாலும் பஞ்சுருட்டான் திரும்பத் திரும்ப வாய்ப்பு தரும்.

ஆள்காட்டிக் குருவி அப்படி இல்லை. வற்றிய குளத்தில் நடக்கும்போது தலைக்கு மேல் வந்து ஓயாமல் கத்துகிறது என்றால், நம் காலடிக்குப் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறுந்தரையில் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும். கல்லும் முட்டையும் ஒரே நிறம், மிதித்த பிறகுதான் தெரியும். அந்தக் கத்தலைக் கேட்டதும் வந்த தடத்திலேயே தரையைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். கோடையில் இந்தப் பறவை தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு போய் முட்டைமேல் உட்காரும், சூடு தணிய. சொட்டச் சொட்ட நடந்து போகிற ஒரு ஆள்காட்டியை எங்கள் குழுவில் ஒரு தம்பி படம் பிடித்திருக்கிறான். கரையில் நிறுத்திய காரைவிட்டு இறங்காமலேயே எடுத்த படம் அது. மனித உருவத்துக்குப் பயப்படுகிற அளவுக்குப் பறவைகள் வண்டிக்குப் பயப்படுவதில்லை. கண்ணாடியை இறக்கி, லென்ஸுக்கு அடியில் ஒரு துணிமூட்டையை வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டால் ஸ்டாண்டைவிட உறுதியாக நிற்கும்.

கானலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் கரையோரத் தரை சூடாகிவிடும். தரையை ஒட்டித் தூரத்தில் நிற்கிற பறவையை எடுத்தால் படம் குழைந்து போயிருக்கும், கண் தெளியாது. லென்ஸில் ஏதோ கோளாறு என்று சர்வீஸுக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பெரிய லென்ஸ் போட்டால் கானலும் சேர்ந்து பெரிதாகும். சீக்கிரம் வருவது ஒன்றுதான் வழி.

பணம் போட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். வள்ளியூர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிற ஒரு நண்பர் நிக்கான் பி900 வைத்திருக்கிறார். 83 மடங்கு ஜூம், கணக்குக்கு 2000 எம்எம் லென்ஸ் மாதிரி. சென்சார் சின்னது, மங்கலான வெளிச்சத்தில் திணறும், பறக்கிற பறவைக்கு ஃபோகஸ் ஓடாது. ஆனால் தூரத்துப் பறவையை விரட்டாமல் நின்ற இடத்திலிருந்து எடுக்கிறார். எங்கள் பகுதியில் யாரும் கவனிக்காத பல பறவைகளை முதலில் பதிவு செய்தது அவர்தான்.

செய்யக்கூடாத சிலவற்றையும் பார்த்திருக்கிறேன், சொல்லாமல் விட்டால் தப்பு. பறக்கிற படம் வேண்டும் என்று கூட்டத்தின் மேல் கல் எறிவது. தையல்சிட்டின் கூடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுற்றியிருக்கிற இலைகளைக் கிள்ளுவது. அந்த இலைகள்தான் அதற்குக் கூரையும் மறைப்பும். ஆறுமணிக் குருவியை வெளியே வரவழைக்க செல்போனில் அதன் குரலை ஓயாமல் ஓட விடுவது இன்னொன்று. குளிர்காலம் கழிக்க வெகுதூரம் பறந்து தெற்கே வருகிற பறவை அது. இன்னொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அந்த செல்போனோடு சண்டைக்கு நிற்கும். இப்படி எடுத்த படத்துக்கு நான் பாராட்டு சொல்வதில்லை. கூடு இருக்கிற இடத்தைப் பொதுவில் எழுதுவதும் வேண்டாம். ஒருவர் போனால் தாங்கும், வாரக்கடைசியில் கூட்டம் போனால் கூடு கைவிடப்படும்.

குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்துகளைப் பற்றி இன்னொரு அனுபவம். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், பார்த்த உடனே தெரியும். மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. அறுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தை அந்த ஆட்டோ நண்பர் எடுத்தார். வீட்டில் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றின் கழுத்தில் பட்டை, அதில் எழுத்தும் எண்ணும். அனுப்பி விசாரித்ததில் மங்கோலியாவில் மாட்டிய பட்டை என்று தெரிந்தது. படம் என்று பார்த்தால் கானல் அடித்த, பின்னணி கலைந்த படம்தான். ஆனால் எங்கள் குழுவில் எடுத்த படங்களிலேயே பெரிய வேலை செய்த படம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, பறவைக் குறிப்புகளைப் பதிகிற ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும். படம் எடுக்கப் போகிறவர்கள் அதையும் சேர்த்துச் செய்யலாம். அப்புறம் கால் வளையங்களையும் கவனியுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி விடுகிறார்கள். வளையமோ கழுத்துப் பட்டையோ தெரிகிற படம் உங்கள் பழைய மெமரி கார்டில் இருந்தால், தேதியையும் இடத்தையும் சேர்த்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். எடுத்துச் சில வருடம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், பழைய தகவலும் அவர்களுக்குத் தேவைதான்.