போர்வெல் தண்ணீரில் நியான் டெட்ரா வாழுமா?

வணக்கம் நண்பர்களே. சென்னையில் இருக்கிறோம். வீட்டில் 2 அடி தொட்டி, சுமார் 50 லிட்டர், கப்பி மீன்கள் மட்டும். இதுவரை நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் என் அம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். அவ்வளவு சந்தோஷம்! செடிக்குள் ஒளிந்திருந்த குஞ்சுகளை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். உடம்பு கண்ணாடி மாதிரி, கண் மட்டும் கருப்பாகத் தெரிந்தது. தாய் மீனே தின்றுவிடும் என்றதும் இருவரும் பதறி, அவற்றைத் தனி டப்பாவுக்கு மாற்றவைத்தார்கள்.

மகளுக்கு நியான் டெட்ரா வேண்டுமாம். எங்களுடையது போர்வெல் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கப்பிக்கும் மோலிக்கும் உப்புச்சத்துள்ள தண்ணீர் ஒத்துக்கொள்ளும். நியானோ உப்புச்சத்து குறைந்த, மென்மையான தண்ணீர் மீன். இப்படிப்பட்ட தண்ணீரில் யாராவது அதை நன்றாக வளர்த்திருக்கிறீர்களா? ஆர்.ஓ. தண்ணீர் கலப்பதென்றால் எந்த அளவு?

அப்புறம் தீனி. பேத்தி போட்டது தெரியாமல் பாட்டியும் போடுகிறார். மிச்சம் அழுகினால் மீனுக்கு நஞ்சான அம்மோனியா தண்ணீரில் ஏறும், ஆனால் இருவரில் யாரையும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் வீடுகளில் இதற்கு என்ன ஏற்பாடு?

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகக் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகிறோம். அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.