வாய்க்கால் கரை தாழ்ந்திருக்கிறது

அண்ணா: நம் குடும்பக் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். வாய்க்காலில் நேற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வாய்க்கால் வளையும் நம் வயல் முடக்கில், உழவு இயந்திரம் ஏறி இறங்கும் இடத்தில், தண்ணீருக்கும் கரை உச்சிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளிதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மண் போட வேண்டும்.

சித்தப்பா: நான்கு விரல் போதும். இன்னும் வழியவில்லையே.

பெரியப்பா: தம்பி, முழுமட்ட நீருக்கு மேலே கரை உச்சிவரை விடும் வெற்று உயரத்தைத்தான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிறீபோட் என்போம். சிறு கிளை வாய்க்காலுக்கே 1 அடி விடுவார்கள். வினாடிக்கு 3000 கன அடி ஓடும் பெரிய மண் வாய்க்காலுக்கு அது 4 அடி வரை போகும். கீழ் மதகைத் திடீரென மூடினால் நீர் பின்னேறும். புல் மண்டினால் ஓட்டம் தளர்ந்து அதே தண்ணீர் உயர்ந்து ஓடும். மார்கழி மழையில் மேட்டு நிலத்து வெள்ளமும் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கும். இவையெல்லாம் ஒரே இரவில் சேர்ந்து வரக்கூடும்.

அத்தை: தண்ணீரில் மிதந்து மண்டும் சல்பீனியாக் களையை மறந்துவிட்டீர்கள், பெரியண்ணா.

பெரியப்பா: அதுவும் உண்டு, தங்கச்சி. முடக்கின் வெளிக்கரையில் தண்ணீர் சற்று ஏறியே ஓடும். அந்த வெளிக்கரைதான் நம்முடையது.

சித்தி: கந்தளாய்க் குளம் உடைந்ததுபோல் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பெரியப்பா: 1986 ஏப்ரல் 20 அன்று அங்கே நீர் கரைக்கு மேலால் வழிந்து உடைக்கவில்லை. உயரம் இருந்தும் கரை உடையலாம் என்பதற்காகவே சொல்கிறேன்: மண் போடுமுன் நண்டு வளைகளைத் தோண்டி அடைத்து இடித்து இறுக்க வேண்டும்.

அத்தை: நம் முடக்குக் கரை மண் எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். சின்னண்ணா வீட்டு முற்றம் மேடானதும் கரை தாழ்ந்த அதே வருடம்தான்.

சித்தப்பா: நான் அள்ளியது உழவு இயந்திரப் பெட்டியில் இரண்டு பெட்டி மண். காணி பிரித்தபோது மேட்டுப் பங்கு யாருக்குப் போனது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணா: இப்போது மூன்று விரல்தான் இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பெரியப்பா: பார்த்தேன். பத்து எட்டு வைக்கும் தூரம்தான் தாழ்ந்திருக்கிறது. ஆனால் மற்றக் கரை முழுவதும் இரண்டு அடி உயர்ந்திருந்தாலும் தண்ணீர் இந்தப் பத்து எட்டைத்தான் தேடி வரும். ஆகவே அவரவர் பங்குக்கு முன்னால் மட்டும் மண் கொட்டுவதில் பயனில்லை. கரையின் அடியிலிருந்து மண் வெட்டவும் கூடாது. வெளியிலிருந்து களிமண் கொண்டுவந்து, அரை அடி அடுக்குகளாகப் போட்டு நனைத்து, இடித்து இறுக்குங்கள். மண் அமரும், ஆகவே சற்றுக் கூடுதலாக உயர்த்துங்கள்.

சித்தப்பா: பெட்டியை நான் தருகிறேன். டீசலுக்கு யார் தருவார்கள்?

அத்தை: பாதியை நான் தருகிறேன். ஆனால் ஞாயிறு பேரனுக்குக் கோணேசர் கோயிலில் சோறூட்டுகிறோம். எல்லோரும் வர வேண்டும்.

அண்ணா: அப்படியானால் சனிக்கிழமை வைப்போம். அதுவரை தண்ணீரைக் குறைக்கச் சொல்லி, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் யார் கேட்பது?

சித்தி: பெரியத்தான் சொன்னால்தான் அவர் கேட்பார்.

பெரியப்பா: இன்று மாலை போகிறேன். மீதி டீசல் காசைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.