பிரௌன் தீர்ப்புக்குப் பிறகு கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லிக்கு என்ன வேலை மிச்சமிருந்தது?

கேள்வி

அமெரிக்கப் பள்ளிகளில் நிலவிய நிறப் பிரிவினையை எதிர்த்து வழக்காடிய கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொலம்பியா சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1945இல், கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக வழக்காடிய தர்குட் மார்ஷலின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் அவர் பணிக்குச் சேர்ந்திருக்கிறார். பள்ளிப் பிரிவினையை எதிர்த்த பிரௌன் வழக்கின் முதல் வழக்குரையை எழுதியவரும் அவரே. உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய 10 வழக்குகளில் 9 வெற்றி.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். அரசுப் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று பிரௌன் வழக்கில் 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் ஜார்ஜியாவில் இரண்டு மாணவர், மிசிசிப்பியில் ஒருவர், தென் கரோலினாவில் ஒருவர் என்று ஆளுக்கொரு வழக்காக அவர் ஏன் அலைய வேண்டியிருந்தது? வென்ற வழக்கையே திரும்பத் திரும்ப நடத்தியதுபோல் அல்லவா இருக்கிறது?

மறுமொழி 1

வென்றது கொள்கை, நிறைவேற்றும் ஆணை இன்னும் கிடைத்திருக்கவில்லை. 1954 தீர்ப்பு பிரிவினை தவறு என்றது, ஆனால் எப்போது, எப்படி நீக்குவது என்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. 1955 மே 31 அன்று வந்த இரண்டாவது தீர்ப்பு, காலக்கெடு எதையும் விதிக்காமல், நிதானமும் விரைவும் கலந்த ஒரு சொற்றொடரை மட்டும் கொடுத்துவிட்டு, மேற்பார்வைப் பொறுப்பை அந்தந்த மாவட்ட நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. தென் மாநிலங்கள் அதில் நிதானத்தை எடுத்துக்கொண்டு விரைவை விட்டுவிட்டன. அந்த நீதிபதிகளும் அதே ஊர்களில் வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் வழக்கை இழுத்தடிக்கத் தயங்கவில்லை.

மாநிலங்கள் தங்கள் விதிகளில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதபடி பார்த்துக்கொண்டன. இதற்கு, நீங்கள் சொன்ன மிசிசிப்பி மாணவர் ஜேம்ஸ் மெரிடித்தின் வழக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறவர் அதன் பழைய மாணவர்களிடமிருந்து நற்சான்று பெற்றுவர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பார்வைக்கு அது எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் பழைய மாணவர் அத்தனை பேரும் வெள்ளையர். அந்த மாநிலத்தில் ஒரு கறுப்பின இளைஞருக்கு அவர்களில் யார் நற்சான்று எழுதிக் கொடுப்பார்கள்? விதியின் சொற்களை விட்டுவிட்டு அதன் விளைவைப் பார்க்கும்படி நீதிமன்றத்தை இணங்கவைப்பதுதான் மோட்லியின் வேலையாக இருந்தது. 1961 மே மாதம் தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிபதி மெரிடித்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். 1962 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பிறகு அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தைச் சேர்ந்த ஒரு நீதிபதி தனியாக அமர்ந்து அடுத்தடுத்து நான்கு தடையாணைகள் பிறப்பித்தார் என்றால், எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதை உணரலாம். செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக் அந்தத் தடைகளை விலக்கினார். செப்டம்பர் 30 இரவு வளாகத்தில் கலவரம் வெடித்து இருவர் உயிரிழந்தனர். மறுநாள் மெரிடித் சேர்க்கப்பட்டார்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ‘ஆளுக்கொரு வழக்கு’ என்பதை வெறும் நிர்ப்பந்தமாக மட்டும் பார்க்கக் கூடாது. 1930களில் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் வகுத்த வழியே அதுதான். ஹோவர்டு சட்டக் கல்லூரியில் மார்ஷலுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் அவர். தொடக்கப் பள்ளியிலிருந்து ஆரம்பிக்காமல் சட்டக் கல்லூரியிலிருந்து அவர் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு: பல மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று சட்டக் கல்லூரியே கிடையாது என்பதால், தனித்தனியே ஆனாலும் சமமாகவே கொடுக்கிறோம் என்ற வாதம் அங்கே நிற்க முடியாது. மேரிலாந்தில் 1936இலும், மிசௌரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் 1938இலும் அவர் வென்றார். ஒரு மனுதாரர், ஒரு கல்லூரி, மறுக்க முடியாத ஆவணங்கள் என்ற அந்த முறையைத்தான் மோட்லி கையாண்டார்.

ஜார்ஜியாவில் அது நன்றாகத் தெரிகிறது. ஷார்லேன் ஹன்டர், ஹாமில்டன் ஹோம்ஸ் ஆகிய இருவரின் விண்ணப்பங்களையும் பல்கலைக்கழகம் விடுதியில் இடமில்லை என்பது போன்ற காரணங்களைச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தது. மோட்லியும் டொனால்ட் ஹாலோவெல்லும் அடங்கிய குழு சேர்க்கைக் கோப்புகளைப் புரட்டி, அதே காலத்தில் விண்ணப்பித்த வெள்ளை மாணவர்களுக்கு அந்தக் காரணங்கள் தடையாக இருக்கவில்லை என்று காட்டியது. அந்தக் குழுவிலிருந்த ஹோரஸ் வார்டு, அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு முன்பு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1961 ஜனவரி 6 அன்று மாவட்ட நீதிபதி இருவரையும் சேர்க்க உத்தரவிட்டார். 9 அன்று அவரே இடைக்காலத் தடையும் கொடுத்தார். அன்றைக்கே மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைமை நீதிபதி எல்பர்ட் டட்டில் தடையை நீக்கினார். எந்த நீதிபதியிடம் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அறிந்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு புலமை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆனால் நீங்கள் காட்டியவை பல்கலைக்கழக வழக்குகள். பிரௌன் வழக்கு சிறு பிள்ளைகளின் பள்ளிகளைப் பற்றியதல்லவா? அங்கே என்ன நடந்தது?

மறுமொழி 3

அங்கே நிலைமை இன்னும் மோசம். 1964 வாக்கில்கூட, உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன பழைய கூட்டமைப்பைச் சேர்ந்த பதினொரு தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே ‘தகுதி’ பார்த்துப் பள்ளிக்கு ஒதுக்கும் சட்டங்களை மாநிலங்கள் இயற்றின. ஒரு குழந்தைக்கு இடம் மறுத்தால் அந்தக் குழந்தையின் பெற்றோர்தான் முறையிட வேண்டும். முறையீடு முடிவதற்குள் குழந்தை அந்த வகுப்பைத் தாண்டியிருக்கும். உங்கள் கேள்வியிலுள்ள ‘ஆளுக்கொரு வழக்கு’ என்பதை உண்மையில் எதிர்த்தரப்புதான் வடிவமைத்தது என்பது என் கருத்து.

மோட்லியின் பள்ளி வழக்குகளில் பலருக்கும் தெரியாத ஒன்று, 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்காமில் நடந்தது. நிறப் பிரிவினையை எதிர்த்த ஊர்வலங்களில் கலந்துகொண்டதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்களைப் பள்ளி நிர்வாகம் வெளியேற்றியது. பள்ளி ஆண்டு முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. பலருக்கு அது இறுதி ஆண்டு. மாவட்ட நீதிபதி தலையிட மறுத்தார். மோட்லி மேல்முறையீட்டுக்குப் போனார், அதே நாளில், மே 22 அன்று, டட்டில் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றத்தில் பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் இந்த வெற்றி வராது. அந்தக் கணக்கைக் கொண்டு அவருடைய தொழில் வாழ்வை எடைபோடுவதில் எனக்கு விருப்பமில்லை.

நிலைமையை மாற்றியவை இரண்டு. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், பள்ளி வழக்குகளை அரசே தொடுக்கவும், பாகுபாடு காட்டும் நிர்வாகங்களுக்கு நடுவண் அரசின் நிதியை நிறுத்தவும் வழிசெய்தது. அடுத்து, வர்ஜீனியாவின் நியூ கென்ட் மாவட்டம் தொடர்பான 1968 தீர்ப்பு. எந்தப் பள்ளி வேண்டுமோ அதைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்ளலாம் என்று அந்த மாவட்டம் மூன்று ஆண்டுகளாக ஒரு திட்டத்தை நடத்தியது. அந்த மூன்று ஆண்டுகளில் கறுப்பினப் பள்ளியைத் தேர்ந்த வெள்ளைக் குழந்தை ஒன்றுகூட இல்லை. இனி உடனடியாகப் பலன் தரும் திட்டத்தைக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு பள்ளி நிர்வாகத்துடையது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவரை அந்தச் சுமை மனு போட்ட பெற்றோரின் தலையில்தான் இருந்தது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது மோட்லி வழக்குரைஞராக இல்லை. 1964இல் நியூயார்க் மாநில மேலவைக்குத் தேர்வானவர், 1966இல் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாகியிருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். தெற்கே தமக்குத் தடையாக இருந்தவர்கள் வகித்த அதே நிலைப் பதவியில் அவர் 2005 வரை இருந்தார்.