பழைய மாடலுக்கு டிஸேபிள் போட்டேன், சர்வீஸ் நின்றுவிட்டது

சாலிடர்வாசம் (கேள்வி)

வணக்கம். நாற்பது பேர் வேலை செய்கிற நிறுவனம் எங்களுடையது. மோட்டார் பேனல்களில் பொருத்துகிற எலக்ட்ரானிக் டைமர் தயாரிக்கிறோம். பில், ஸ்டாக், கொள்முதல், உற்பத்தி எல்லாம் இரண்டு வருடமாக இஆர்பிநெக்ஸ்ட் என்ற நிர்வாக மென்பொருளில் ஓடுகிறது. டிசைன் மட்டும் இன்னும் எக்செல்லும் பொது ஃபோல்டரும்தான். நான் டிசைனில் இருக்கிறேன். மென்பொருளில் கொஞ்சம் கை பழகியவன் என்பதால் ஐட்டம் மாஸ்டரும் (எல்லாப் பொருள்களையும் பதிந்து வைக்கும் பட்டியல்) என் தலையில்.

போன மாதம் பழைய மாடலின் தயாரிப்பை நிறுத்தினோம். "சிஸ்டத்திலும் மூடிவிடு" என்றார் முதலாளி. அந்த மாடலில் மொத்தம் 63 ஐட்டம். புதிய மாடலுக்கும் வேண்டிய 41-ஐ ஒதுக்கிவிட்டு, மீதி 22-க்கும் டைமருக்கும் டிஸேபிள் டிக் போட்டேன். பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் சர்வீஸிலிருந்து மூன்று போன். வாரண்டியில் வந்த யூனிட்டுக்கு முன்மூடி எடுக்க முடியவில்லை, ரிலேவுக்கு பில் போட முடியவில்லை. ஸ்டோரில் அந்த ரிலே மட்டும் 1,150 கிடக்கிறது. பாதியைக் கழிவாக எழுதித் தள்ளலாம் என்றால் ஸ்டாக் என்ட்ரியும் ஏற்க மறுக்கிறது. சாயங்காலத்துக்குள் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். எடுத்த இரண்டாம் நாளே கொள்முதல் பிரிவு, ஸ்டாக் குறைந்த பட்டியலைப் பார்த்து, நிறுத்திய மாடலின் டிரான்ஸ்ஃபார்மர் 300-க்கு ஆர்டர் போட்டுவிட்டது.

இது போதாதென்று புதிய மாடலில் இன்னொரு கூத்து. எக்செல்லில், மாற்ற வேண்டிய வரிக்கு நான் மஞ்சள் அடிப்பேன். கொள்முதலில் இருப்பவருக்கு மஞ்சள் என்றால் "மாற்றி முடித்தாயிற்று" என்று அர்த்தமாம். முன்மூடியில் எல்இடி துளையை 2 மி.மீ. நகர்த்த வேண்டும் என்று மஞ்சள் அடித்து வைத்திருந்தேன், வரைபடத்தைத் திருத்தவில்லை. அவர் ஃபோல்டரில் இருந்ததை எடுத்து சப்ளையருக்கு அனுப்பிவிட்டார். 500 மூடி, பழைய துளையோடு வந்து இறங்கியிருக்கிறது.

தனியாக ஒரு பிஎல்எம் மென்பொருள் (டிசைன் முதல் ஓய்வு வரை ஒரு பொருளின் வரைபடங்களையும் மாற்றங்களையும் கண்காணிப்பது) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் முதலாளி. டெமோ காட்டியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். வாங்கத்தான் வேண்டுமா, இருப்பதை வைத்தே சமாளிக்கலாமா?

நட்டுபோல்ட்டு

டிஸேபிள் என்பது மெயின் சுவிட்ச். ஒரு அறையில் விளக்கை அணைக்க மெயினை இறக்கியிருக்கிறீர்கள். 'எண்ட் ஆஃப் லைஃப்' தேதியும் அதே வேலைதான் செய்யும், அந்தத் தேதி தாண்டினால் எந்த என்ட்ரியும் போகாது. (அதில் தானாக 2099 டிசம்பர் 31 என்று இருக்கும், கவனித்திருப்பீர்கள்.)

உங்களுக்கு வேண்டியது சின்ன சுவிட்சுகள். ஐட்டத்தில் 'அலோ பர்ச்சேஸ்', 'அலோ சேல்ஸ்' என்று இரண்டு டிக் தனித்தனியாக இருக்கிறது. பிஓஎம்மில் (ஒரு பொருளைச் செய்யத் தேவையான பாகங்களின் பட்டியல்) 'ஈஸ் ஆக்டிவ்' என்று ஒன்று. பழைய டைமரின் பிஓஎம்மில் ஆக்டிவை எடுத்தால் அதற்கு ஒர்க் ஆர்டர் (உற்பத்தி உத்தரவு) போட முடியாது. அந்த 22 பாகங்களில் பர்ச்சேஸை மட்டும் எடுத்து, சேல்ஸை விட்டுவையுங்கள். சர்வீஸ் நடக்கும், டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர் போகாது. ஸ்டாக் இதற்குக் கீழே போனால் வாங்கு என்று ரீ-ஆர்டர் அளவு எழுதியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள், 300 வந்தது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன். முதலில் டெஸ்ட் சைட்டில் (சோதனைக்கான நகலில்) செய்து பார்த்துவிட்டு அப்புறம் நேரடியில்.

எஸ்ஏபி என்ற இன்னொரு நிர்வாக மென்பொருளில் வேலை பார்த்தபோது இது பழகிவிட்டது. அங்கே ஆலைக்கு ஒரு நிலை, விற்பனைக்கு ஒரு நிலை, எம்எம்06 என்ற திரையில் போடுகிற நீக்கக் குறி வேறு என்று ஆரம்பத்திலேயே பிரித்து வைத்திருப்பார்கள்.

ரிவிஷன்அக்கா

தம்பி, டிஸேபிள் கதைக்கு நட்டுபோல்ட்டு சொன்ன மருந்து போதும். உன் வியாதி அந்த மஞ்சள் வரி. அதற்கு மென்பொருள் வாங்கினால், மஞ்சளை எக்செல்லிலிருந்து புது மென்பொருளுக்குக் குடிமாற்றுவாய், அவ்வளவுதான்.

18 வருடம் டாக்குமென்ட் கன்ட்ரோலில் இருந்தவள் நான். வரைபடத்தில் முத்திரை குத்துகிற வேலை என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு முறை எங்கள் டிசைனர் ஒரு கனெக்டரை மாற்றினார். பின் எண்ணிக்கை அதே, அளவு அதே, பூட்டும் கொக்கி மட்டும் எதிர்ப்பக்கம். "சின்ன மாற்றம்தானே அக்கா" என்று பாக நம்பரை அப்படியே வைத்து, ரிவிஷனை (திருத்தக் குறியை) மட்டும் ஏற்றினார். நானும் முத்திரை குத்தினேன். ஸ்டோரில் ரிவிஷன் பார்த்தா அடுக்குவார்கள்? நம்பர் ஒன்று என்றால் டப்பாவும் ஒன்று. பழையதும் புதியதும் கலந்துவிட்டது. சர்வீஸுக்குப் போன பையன் பழைய வயரிங்கில் புது கனெக்டரை அழுத்திச் செருகி, கொக்கியை உடைத்துக் கொண்டு வந்தான். அதற்குப் பிறகு இரண்டு ராத்திரி, மூன்று பேர் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொக்கி பார்த்துப் பிரித்தோம். இன்றைக்கும் கனெக்டரைக் கையில் எடுத்தால் முதலில் கொக்கியைத்தான் பார்க்கிறேன்.

அன்றைக்குப் படித்த விதி பழைய விதிதான்: வடிவம், பொருத்தம், செயல்பாடு. இந்த மூன்றில் ஒன்று மாறி, பழையது இருக்கிற இடத்தில் புதியதை அப்படியே போட முடியாது என்றால் புது நம்பர். எங்கே வேண்டுமானாலும் இரண்டையும் மாற்றிப் போடலாம் என்றால் மட்டும் ரிவிஷன். உன் எல்இடி துளை 2 மி.மீ. நகர்கிறதே, எல்இடி இருக்கிற பழைய சர்க்யூட் போர்டில் அந்த மூடி உட்காருமா? உட்காராது. அப்படியானால் அது ரிவிஷன் 'சி' இல்லை, வேறு பாகம்.

அடுத்தது, மாற்றம் என்றால் அதற்கு ஒரு தாள் வேண்டும். ஈசிஓ (பொறியியல் மாற்ற உத்தரவு) என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். என்ன மாறுகிறது, ஏன், எந்தெந்த பிஓஎம்மில் இது இருக்கிறது, கையில் இருக்கும் ஸ்டாக்கை என்ன செய்வது, எந்த யூனிட்டிலிருந்து அமல். டிசைன், கொள்முதல், உற்பத்தி, சர்வீஸ், நாலு கையெழுத்து. கையெழுத்து வாங்காத வரைபடம் கொள்முதலின் கண்ணில் படவே கூடாது. உன் ஃபோல்டரை இரண்டாகப் பிரி: நீ கிறுக்குகிற இடம் ஒன்று, வெளியிட்டது ஒன்று. இரண்டாவதில் கொள்முதலுக்குப் படிக்க மட்டும் அனுமதி. உனக்கும் படிக்க மட்டும்தான், கோபித்துக்கொள்ளாதே. பிஓஎம்மில் இந்த ஒழுங்கை இஆர்பிநெக்ஸ்ட் ஏற்கெனவே வைத்திருக்கிறது. சப்மிட் செய்த பிஓஎம்மின் வரிகளைத் திருத்த முடியாது, புதிதாக 002, 003 என்று போட வேண்டும். பலர் அதைத் தொல்லை என்று திட்டுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

மென்பொருள் இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஏர்பஸ் ஏ380 கதையைச் சொல்லுங்கள். ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கி.மீ. வயர். ஜெர்மனிக்காரர்கள் கேட்டியா என்ற டிசைன் மென்பொருளின் 4-ஆம் பதிப்பில் வரைந்தார்கள், பிரான்ஸில் 5-ஆம் பதிப்பு. ஹாம்பர்க்கிலிருந்து துலூஸுக்கு வந்த வயர்க்கட்டுகள் உள்ளே போட்டபோது நீளம் போதவில்லை. 2006-இல் டெலிவரி தள்ளிப்போய் பெரிய தலைகள் உருண்டன. அவர்களிடம் மென்பொருளுக்கா பஞ்சம்?

சாலிடர்வாசம்

நன்றி அக்கா. முன்மூடி வேறு பாகம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரி, இப்போது கையில் இருக்கும் 500 மூடியை என்ன செய்வது? பழைய வடிவப் போர்டு ஸ்டோரில் 380 இருக்கிறது. புதிய போர்டு அடுத்த மாதம் வரும். தேதி போட்டு மாற்றிவிடலாமா?

ரிவிஷன்அக்கா

தேதி போடாதே. தேதி போட்டால் அன்றைக்குப் போர்டு மீதம் இருக்கும், மூடி இருக்காது. இல்லையென்றால் நேர்மாறு. பழைய போர்டு 380-உம் தீரும்வரை பழைய மூடி, அப்புறம் இரண்டும் சேர்ந்து மாறும் என்று எழுது. எந்த வரிசை எண்ணிலிருந்து புதியது என்று லைனில் இருப்பவர் அன்றே ஈசிஓவில் குறிக்கட்டும். ஐந்து வருடம் கழித்து மூடி உடைந்த டைமரோடு ஒருவர் வந்தால், சர்வீஸ்காரன் வரிசை எண்ணைப் பார்த்துத்தான் எந்த மூடி என்று முடிவு செய்ய வேண்டும். மீதி 120 மூடி பாழ் இல்லை, பழைய போர்டு யூனிட்டுகளுக்கு உதிரி. பழைய நம்பரிலேயே, தனி டப்பாவில். மறுபடி சொல்கிறேன், தனி டப்பாவில்.

ஸ்டோர்சாவி

மாடல் ஓய்வு பற்றி ஒன்று சேர்க்கிறேன். தயாரிப்பு நின்ற நாள், விற்பனை நின்ற நாள், உதிரி பாகம் நின்ற நாள், மூன்றும் ஒரே நாளாக இருக்காது. மூன்றுக்கும் தனித்தனியாகத் தேதி எழுதிவையுங்கள், சிஸ்டத்தில் ஒரு கஸ்டம் ஃபீல்டு போட்டாலே போதும்.

அப்புறம் அந்த 1,150 ரிலே. கழிவாக எழுதுவதற்கு முன் சர்வீஸ் கணக்கை எடுங்கள். கடைசி மூன்று வருடம் வருடத்துக்கு எத்தனை போயிற்று, வாரண்டி இன்னும் எத்தனை வருடம் மிச்சம். வருடம் 90 போகிறது, ஐந்து வருடம் சர்வீஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்றால் 450, கொஞ்சம் கூடுதலாக 550. மீதியை சப்ளையர் திருப்பி எடுப்பாரா, புதிய மாடலில் பொருந்துமா என்று கேட்டுவிட்டுத்தான் கழிவு.

சிப் விஷயத்தில் தலைகீழ். அங்கே நாம் நிறுத்துவதற்கு முன் அவர்கள் நிறுத்திவிடுவார்கள். சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் ஜே-எஸ்டிடி-048 படி, நிறுத்த அறிவிப்பு வந்ததிலிருந்து கடைசி ஆர்டருக்குக் குறைந்தது 6 மாதம், கடைசி டெலிவரிக்கு 12 மாதம் தர வேண்டும். அந்த அறிவிப்பு யாருடைய மெயிலுக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு வேலையை விட்டுப் போனவருடைய பெட்டிக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் கண்டுபிடித்தபோது கடைசி ஆர்டர் தேதிக்கு 11 நாள்.

கடைசி ஆர்டரில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரைப் பத்து வருடத்துக்கு வாங்கிக் குவிக்காதீர்கள். சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் தேய்ந்து, மின்கசிவு ஏறும். ரப்பர் கேஸ்கெட்டும் அப்படியே, உட்கார்ந்த இடத்தில் கிழடாகும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு சிஇ குறியோடு (அங்கத்திய விதிகளுக்கு இணங்கியது என்ற குறி) விற்றிருந்தால் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். ரோஸ் விதிப்படி (மின்னணுப் பொருள்களில் அபாயகரமான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி) தொழில்நுட்ப ஆவணங்களை, யூனிட் சந்தைக்குப் போனதிலிருந்து 10 வருடம் வைத்திருக்க வேண்டும்.

நட்டுபோல்ட்டு

பிஎல்எம் வாங்கலாமா என்ற கேள்விக்கு யாருமே நேராகப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: இப்போது வேண்டாம். ஆறு மாதம் தாளிலேயே ஈசிஓ ஓட்டுங்கள். மாதம் ஐந்தாறு வந்தால் தாளே போதும். முப்பது வந்து, ஒரு பாகம் எந்தெந்த மாடலில் இருக்கிறது என்று தேடியே பாதி நாள் போகிறது என்றால் அப்போது வாங்குங்கள். ஓடூ என்ற இன்னொரு நிர்வாக மென்பொருளில் பிஎல்எம் ஒரு மாட்யூலாக இருக்கிறது, ஆனால் எண்டர்பிரைஸ் பதிப்பில்தான், இலவசப் பதிப்பில் கிடையாது. டெமோவுக்கு வருகிறவர்களிடம் உங்கள் முன்மூடிக் கதையையே கொடுத்து, "இதை நடத்திக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் கொண்டுவரும் சைக்கிள் பொம்மையில் எல்லாமே அழகாகத்தான் ஓடும்.

சாலிடர்வாசம்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். டெஸ்ட் சைட்டில் பார்த்துவிட்டு, 22 ஐட்டத்துக்கும் பர்ச்சேஸ் டிக்கை எடுத்தாயிற்று, பிஓஎம் ஆக்டிவும் போயிற்று. சர்வீஸ் போன் நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டரில் 200-ஐ ரத்து செய்ய சப்ளையர் ஒப்புக்கொண்டார், 100 ஏற்கெனவே சுற்றியாயிற்றாம்.

முன்மூடிக்குப் புது நம்பர் போட்டாயிற்று. முதல் ஈசிஓ தாள் நாலு கையெழுத்து வாங்க ஒன்பது நாள் ஆனது. அதில் ஆறு நாள் என் மேஜை மேலேயே கிடந்தது, அதை இங்கே மட்டும் சொல்கிறேன். ரிலேவை எண்ணச் சொன்னேன். சிஸ்டத்தில் 1,150, டப்பாவில் 1,092. அந்த 58 எங்கே போயிற்று என்று ஸ்டோரும் சர்வீஸும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எக்செல்லைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டேன். கொள்முதல்காரர் நேற்று வந்து, "சரி, மஞ்சள் வேண்டாம், பச்சை அடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.